விளையாட்டுக்குள்ள வீடியோ வைக்கிறீங்களா? ஒரு நிமிஷம் நில்லுங்க!



இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. அதனால ரொம்ப நாளா மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டிருந்த ஒரு விஷயத்தை எழுதிடலாம்னு உக்காந்தாச்சு. கொஞ்சம் தொழில்நுட்பம், கொஞ்சம் வம்பு, கொஞ்சம் புலம்பல். 'பொட்டி தட்டுறவன் வேற எதைப் பத்திப் பேசுவான்'னு ஓடிடாதீங்க. பொட்டி தட்டாதவங்களுக்கும் இதுல சேதி இருக்கு.

முதல்லயே என் கட்சி எதுன்னு சொல்லிடறேன். சொந்தமா கணினி விளையாட்டு செய்யறவங்க அதுக்குள்ள வீடியோ வைக்கணும்னா, போன்ல எடுத்த எம்பி4 கோப்பை அப்படியே தூக்கிப் போடக்கூடாது. ஓக் தியோராவோ, வெப்எம்மோ, ஏதாவது ஒரு திறந்த வடிவத்துக்கு மாத்தித்தான் போடணும். அசல் கோப்பை அழிக்காம தனியா வச்சுக்கணும். அவ்ளோதான். இனிமே வாதம்.

நான் இதைப் பேச என்ன காரணம்னு ரெண்டு வரி. ஊரு நாகலூர், ஏற்காடு மலை. பொழைப்பு பெங்களூர்ல. சனி ஞாயிறுல ஒரு சின்ன விளையாட்டு செஞ்சுக்கிட்டிருக்கேன். சேலத்துலேர்ந்து ஏற்காடு ஏறுற 20 கொண்டை ஊசி வளைவையும் ஒரு பழைய ஜீப்ல ஏறணும். அஞ்சு அஞ்சு வளைவுக்கு ஒரு வீடியோ வரும். சில்வர் ஓக் மரத்துல ஏறின மிளகுக்கொடி, களத்துல காயுற காப்பி, மே மாசத்துச் சேர்வராயன் கோயில் திருவிழா, அப்புறம் எங்க சின்னப்பாட்டி பேசுற ஒரு ஒன்றரை நிமிஷம். பாட்டி விஷயத்துக்குக் கீழே வர்றேன். முதல்ல பாடம்.

சாக்கும் காப்பிக்கொட்டையும்

நிறைய பேர் எம்பி4-ன்னா அது ஒரு வீடியோ வகைன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. இல்லீங்க. எம்பி4ங்கறது சாக்கு. உள்ள இருக்கிறதுதான் சரக்கு. எங்க ஊர்ல காப்பியை ரெண்டு விதமா காய வைப்பாங்க. பழத்தோட அப்படியே காய வச்சா செர்ரி. தோல் உரிச்சு, கழுவிக் காய வச்சா பார்ச்மென்ட். ரெண்டையும் ஒரே மாதிரி சாக்குல கட்டலாம். சாக்கை மாத்திட்டா செர்ரி பார்ச்மென்ட் ஆகிடுமா? ஆகாது. வியாபாரி சாக்கைப் பிரிச்சுக் கையை விட்டுப் பார்த்துட்டுத்தான் விலையைச் சொல்லுவான்.

அதே கதைதான் இங்கயும். எம்பி4 சாக்குக்குள்ள பெரும்பாலும் எச்.264 வீடியோவும் ஏஏசி ஒலியும் இருக்கும். புதுசா வர்ற நிறைய போன்ல எச்.265. ஓக் சாக்குக்குள்ள தியோரா வீடியோ, வோர்பிஸ் ஒலி. வெப்எம் சாக்குக்குள்ள விபி8, விபி9, ஏவி1 இதுல ஏதாவது ஒரு வீடியோ, கூட வோர்பிஸ் இல்லேன்னா ஓபஸ் ஒலி. கோப்போட வால்ல இருக்கிற பேரை மட்டும் எம்பி4-லேர்ந்து ஓஜிவின்னு மாத்திட்டு 'ஓட மாட்டேங்குதே'ன்னு கேக்கறவங்க இன்னமும் இருக்காங்க. சாக்கை மாத்தினா போதாது சாமி, கொட்டையை மாத்தணும்.

இந்தத் தியோரா எங்கேர்ந்து வந்துச்சு? ஆன்2ங்கற அமெரிக்க நிறுவனம் விபி3ன்னு ஒரு கோடெக் வச்சிருந்தாங்க. 2001-ல அதோட மூலநிரலைத் திறந்து விட்டாங்க, அதன் மேல இருந்த காப்புரிமையை வச்சு யார்கிட்டயும் காசு கேக்க மாட்டோம்னும் எழுதிக் கொடுத்தாங்க. சைஃப் அமைப்பு அதை எடுத்து வளர்த்து 2008-ல தியோரா 1.0-ஐ வெளியிட்டாங்க. மேக்ஸ் ஹெட்ரூம்ங்கற பழைய டிவி தொடர்ல வர்ற ஒரு பொண்ணோட பேருதான் தியோரா. வோர்பிஸ் டெர்ரி பிராட்செட் நாவல்ல வர்ற ஒரு பாத்திரம். பேரு வைக்கிறதுல மட்டும் இந்த ஆளுங்களை அடிச்சுக்க முடியாது :-)

அப்புறம் 2010-ல கூகுள் ஆன்2-வையே வாங்கி, விபி8-ஐத் திறந்து விட்டு வெப்எம்னு கொடுத்தாங்க. 2013-ல விபி9. அதுக்கப்புறம் பல நிறுவனங்கள் கூட்டு சேர்ந்து 2018-ல ஏவி1. இதுதான் வம்சாவளி.

இந்தப் படம் நாம ஏற்கனவே பார்த்ததுதான்

இப்ப பதிவெழுதற சீனியர்கள் எல்லாரும் கொஞ்சம் கொசுவத்தி சுத்துங்க. யூனிகோட் பரவலாகறதுக்கு முன்னாடி தமிழ் இணையம் எப்படி இருந்துச்சு? அப்ப நான் அரை டவுசர். ஆனா உங்கள்ல பல பேரோட பழைய பதிவுகளைப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு எழுத்துரு, ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியேற்றம். ஒரு பக்கம் டிஸ்கி, இன்னொரு பக்கம் 1999 தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி அரசு அறிவிச்ச டாம், டாப். அந்த எழுத்துரு உங்க கணினியில இல்லேன்னா வந்து நிக்கிறது வெறும் கட்டமும் கிறுக்கலும்தான்.

அப்ப நம்மளக் காப்பாத்தினது யாரு? சுரதாவோட பொங்குதமிழ் மாற்றியும், என்எச்எம் கன்வெர்ட்டரும், இ-கலப்பையும்தானே? கடைசியில 2010 கோவை செம்மொழி மாநாட்டு சமயத்துல தமிழக அரசும் யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தரமா அறிவிச்சாங்க. அதுக்குள்ள காணாம போன பக்கங்கள் எத்தனையோ. எழுதினவர் இருப்பார், கோப்பும் இருக்கும், ஆனா படிக்க முடியாது. எழுத்துருவைச் செஞ்சவர் கடையைக் கட்டிட்டா நம்ம எழுத்தும் அதோட சேர்ந்து கட்டியாச்சு.

இந்தக் கஷ்டத்தை அனுபவிச்ச நாம வீடியோ விஷயத்துல மட்டும் 'எது ஓடுதோ அது போதும்'னு இருக்கலாமா? என் முதல் கேள்வி இதுதான்.

காசு விஷயம்: பயமுறுத்தாம பேசுவோம்

திறந்த வடிவத்துக்குப் பரிஞ்சு பேசறவங்க சிலர் 'எம்பி4 வச்சா கேஸ் போட்டுருவான்'னு பூச்சாண்டி காட்டுவாங்க. அது வேண்டாம். உள்ளதைச் சொல்லுவோம்.

எச்.264-க்கு எம்பெக் எல்ஏங்கற அமைப்பு உரிமம் கொடுத்துக்கிட்டிருந்தாங்க (2023-ல அது வயா கூட்டமைப்புல ஐக்கியமாயிடுச்சு). அவங்க போட்ட கணக்குப்படி, டிகோடரை நீங்களே சேர்த்துக் கொடுத்தா வருஷத்துக்கு முதல் 1,00,000 பிரதி வரைக்கும் கட்டணம் இல்லை. அதுக்கு மேல பிரதிக்கு 20 சென்ட். அதாவது உங்க விளையாட்டு ஒரு வருஷத்துல 1,50,000 பிரதி போனா மேல இருக்கிற 50,000-க்கு 10,000 டாலர். என் விளையாட்டு 150 பிரதி போனாலே நான் ஊருக்குக் கெடா வெட்டுவேன். அதனால காசு நம்ம மாதிரி ஆளுங்களுக்குப் பிரச்சனையே இல்லை. ஒத்துக்கறேன்.

ஆனா எம்பி3 கதையையும் பாருங்க. ஒரு காலத்துல விளையாட்டுல எம்பி3 வச்சா, 5,000 பிரதிக்கு மேல போகுற ஒவ்வொரு விளையாட்டுக்கும் 2,500 டாலர் கேட்டாங்க. பெரிய கம்பெனிகளே அதைப் பார்த்துட்டு ஓக் வோர்பிஸ் பக்கம் வந்தாங்க. அன்ரியல் டூர்னமெண்ட் 2003, ஹேலோவோட கணினி வடிவம் எல்லாம் அப்படித்தான். 2017-ல எம்பி3 உரிமத் திட்டமே முடிஞ்சு போச்சு. ஆனா விளையாட்டு செய்யறவங்க இன்னிக்கும் ஓக் தான் பயன்படுத்தறாங்க. ஏன்? பழகிட்டாங்க, நல்லா இருக்கு, யார்கிட்டயும் கேக்க வேண்டாம். அந்த மூணாவது காரணம்தான் முக்கியம்.

'நம்ம நாட்டுல மென்பொருள் காப்புரிமையே செல்லாதே தம்பி'ன்னு ஒரு அண்ணன் சொன்னார். பாதி உண்மை. நம்ம காப்புரிமைச் சட்டத்துல 3(கே) பிரிவு, கணினி நிரல் 'அந்த அளவில்' காப்புரிமைக்கு உரியது இல்லைன்னு சொல்லுது. 2004 கடைசியில ஒரு அவசரச் சட்டம் போட்டு இதைத் தளர்த்தப் பார்த்தாங்க. எதிர்ப்பு வரவும் 2005 திருத்தத்துல நாடாளுமன்றம் அதை விட்டுடுச்சு. நல்ல விஷயம். ஆனா அந்த 'அந்த அளவில்'ங்கற சின்ன வார்த்தை வழியா நிறைய விண்ணப்பம் உள்ள நுழையுது. அதோட உங்க விளையாட்டு நாகலூர்ல மட்டுமா விக்கப் போகுது? ஸ்டீம்ல போட்டீங்கன்னா டொரண்டோவுல இருக்கிற தமிழரும் வாங்குவார். டொரண்டோவுல இருக்கிற தமிழர் செஞ்ச 'வெண்பா' 2023-ல வந்து அடுத்த வருஷம் பாஃப்டாவுல விருது வாங்கிச்சே, எல்லை தாண்டாத விளையாட்டு எங்க இருக்கு இப்ப?

ஒரு நியாயத்துக்காக இதையும் சொல்லணும். திறந்த வடிவம்னு சொல்லிக்கறதும் வழக்கு வம்பு இல்லாம வளரலை. விபி8-க்காக 2013-ல கூகுளே எம்பெக் எல்ஏ கூட ஒப்பந்தம் போட வேண்டி வந்துச்சு. ஏவி1 மேலயும் சிஸ்வெல்னு ஒரு அமைப்பு பங்கு கேக்குது. ஆக, 'முழுசா சுத்தம்'னு நான் சான்றிதழ் தரலை. வித்தியாசம் ஒண்ணுதான். ஒரு பக்கம் வாசல்லயே டிக்கெட் கவுன்டர் இருக்கு. இன்னொரு பக்கம் வாசல் திறந்திருக்கு, அப்பப்ப யாராவது வந்து 'இது என் திண்ணை'ன்னு சண்டை போடறாங்க.

அசல் பிரச்சனை: ஓடுமா, ஓடாதா?

காசை விடுங்க. நீங்க கொடுத்த விளையாட்டு அடுத்தவர் கணினியில ஓடணுமா இல்லையா?

நான் பயன்படுத்தற கோடோ இன்ஜின்ல உள்ளுக்குள்ளயே ஓடுறது ஓக் தியோரா மட்டும்தான். எச்.264-ஐக் காப்புரிமை காரணமா சேர்க்க முடியாதுன்னு அவங்க ஆவணத்துலயே எழுதி வச்சிருக்காங்க. முன்னாடி வெப்எம்மும் இருந்துச்சு. பராமரிக்கறது பெரும் தலைவலின்னு 2023-ல வந்த 4.0-ல தூக்கிட்டாங்க. லவ் இன்ஜினும் தியோரா கட்சிதான். யூனிட்டியில எம்பி4 வைக்கலாம், ஆனா அது அந்தந்த இயங்குதளத்தோட டிகோடரை நம்பித்தான் ஓடும். விபி8 வெப்எம் வச்சா யூனிட்டி தானே பிரிச்சுக்கும், யாரையும் நம்ப வேண்டாம்.

இயங்குதளத்தை நம்பினா என்ன ஆகும்? மூணு உதாரணம்.

ஒண்ணு. விண்டோஸ்ல என்-னு ஒரு பதிப்பு இருக்கு. ஐரோப்பாவுல 2004-ல வந்த போட்டிச் சட்டத் தீர்ப்பால உண்டானது. அதுல மீடியா சமாச்சாரமே இருக்காது. உங்க விளையாட்டு ஓடும், வீடியோ வர்ற இடத்துல கறுப்புத்திரை. எச்.265-க்கோ சாதாரண விண்டோஸ்லயே மைக்ரோசாஃப்ட் கடையில தனியா ஒரு நீட்சி காசு கொடுத்து வாங்கச் சொல்லுது.

ரெண்டு. ஃபெடோரா லினக்ஸ்ல 2022-ல எச்.264, எச்.265-க்கான வன்பொருள் டிகோடிங் வசதியைக் காப்புரிமைச் சிக்கலைக் காரணம் காட்டி நிறுத்திட்டாங்க. நேத்து ஓடினது இன்னிக்கு ஓடலை. பயனர் எந்தத் தப்பும் பண்ணலை.

மூணு. இதுதான் தமாஷ். ஸ்டீம் டெக்கோ, லினக்ஸ்ல புரோட்டானோ வச்சு விண்டோஸ் விளையாட்டு ஆடறவங்களைக் கேளுங்க. சில விளையாட்டுல கதைக் காட்சி வர்ற இடத்துல, அந்தக் காலத்து தூர்தர்ஷன்ல நிகழ்ச்சி இல்லாதப்ப வருமே கலர் பட்டை, அது வந்து நிக்கும். விண்டோஸோட டிகோடரை நம்பிச் செஞ்ச விளையாட்டு, அங்க அந்த டிகோடர் இல்லை. இதுக்கு வால்வ் கம்பெனி என்ன பண்றாங்க தெரியுமா? அந்த வீடியோக்களைத் தாங்களே திறந்த வடிவத்துக்கு மாத்தி, ஸ்டீம் வழியா தனியா இறக்கித் தர்றாங்க. யோசிச்சுப் பாருங்க. செஞ்சவர் ஒரு ராத்திரி உக்காந்து செய்ய வேண்டிய வேலையை, விக்கறவர் ஒவ்வொரு விளையாட்டுக்கும் உக்காந்து செய்யறார். நம்ம விளையாட்டுக்கெல்லாம் அவங்க வந்து செய்வாங்கன்னு காத்திருக்க முடியுமா?

நம்ம ஊருக்கு வாங்க. 2011-ல தமிழக அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பிச்சப்ப அதுல விண்டோஸ் ஒரு பக்கம், சிடாக்கோட பாஸ் லினக்ஸ் ஒரு பக்கம். அந்தப் பொட்டிகள் இன்னும் சில வீட்டுல பரண் மேலயும், சில வீட்டுல தம்பி தங்கச்சி கையிலயும் இருக்கு. பலதுல விண்டோஸ் மூச்சு வாங்குது, லினக்ஸ் போட்டா ஓடுது. என் விளையாட்டை முதல்ல ஆடப்போறது நாகலூர்ப் பசங்கதான். அவங்ககிட்ட 'இந்தக் கோடெக்கை இறக்கு, அந்த நீட்சியை வாங்கு'ன்னு சொல்லவா? மழை வந்தா சிக்னல் போகிற மலையில? கூடவே டிகோடர் வர்ற வடிவம்தான் அவங்களுக்கு மரியாதை.

எதிர்க்கட்சி வாதம்

சும்மா ஒரு பக்கமா பேசினா நீங்க கும்மிடுவீங்க. அதனால எதிர்வாதத்தையும் நானே வைக்கிறேன்.

'தியோரா பழசு. அதே தரத்துக்கு எச்.264-ஐ விட கோப்பு பெருசாகும்.' உண்மை. அடிப்படை விபி3 காலத்துது. ஆனா விளையாட்டுக்குள்ள ரெண்டு மணி நேரப் படமா வைக்கப் போறீங்க? என்கிட்ட மொத்தம் நாலு நிமிஷம். 720பி-ல நொடிக்கு 4 மெகாபிட்னு வச்சாக்கூட நிமிஷத்துக்கு 30 எம்பி, மொத்தம் 120 எம்பி. போன்ல எடுத்த அசலை அப்படியே வச்சா ஒரு நிமிஷமே 100 எம்பியைத் தாண்டுது. பெருசு எது, சிறுசு எது?

'வன்பொருள் உதவி இல்லாம ப்ராசஸர் திணறும்.' 4கே வச்சா திணறும்தான். 720பி-க்குப் பழைய மடிக்கணினியே சமாளிக்கும். பரண் மேல இருக்கிற பொட்டிக்கு 480பி-யில ஒரு தனிப் பிரதி வச்சுடலாம். வளைவு ரோட்டுல லாரி ஓட்டறவருக்குத் தெரியும், எந்த கியர்ல ஏறணும்னு.

'தியோராவையே 2024-ல குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் தூக்கிட்டாங்களே, அப்புறம் என்ன பெரிய திறந்த வடிவம்?' இதுதான் வலுவான கேள்வி. திறந்த வடிவத்துக்கும் வயசாகும், அதுவும் ஓய்வு பெறும். நான் மறுக்கலை. ஆனா அது ஓய்வு பெறுற விதத்தைப் பாருங்க. உலாவியிலேர்ந்து போச்சு. மூலநிரல் போகலை. இன்னிக்கும் எவன் வேணா எடுத்துத் தொகுக்கலாம், தன் விளையாட்டோட சேர்த்துக் கொடுக்கலாம். இருபது வருஷம் கழிச்சு ஒரு பொண்ணு அந்தக் கோப்பைத் திறக்கணும்னு நினைச்சா யார்கிட்டயும் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டாம்.

'எச்.264 2003-ல வந்தது, காப்புரிமை 20 வருஷம்தானே, காலாவதி ஆகிட்டே வருதே?' ஆமா, ஆகுது. ஆனா அதுக்குள்ள பூட்டு அடுத்த வீட்டுக்குப் போயாச்சு. 2013-ல எச்.265, 2020-ல எச்.266. பழைய பூட்டு துருப்பிடிக்கிற நேரத்துல புதுப் பூட்டு தயார். நாம ஒவ்வொரு தடவையும் காலாவதி தேதி பார்த்துக்கிட்டே இருக்க முடியாது, இதென்ன பிரெட் பாக்கெட்டா?

'வீடியோவே வேண்டாம், இன்ஜின்லயே காட்சியை வரையலாமே?' முடிஞ்சா அதையே பண்ணுங்க. ஜீப்பு, வளைவு, மரம் எல்லாம் வரையலாம். சின்னப்பாட்டியை வரைய முடியாது.

செய்முறை

மாத்தறது பெரிய வித்தை இல்லை. எஃப்எஃப்எம்பெக்னு ஒரு இலவசக் கருவி, 2000-லேர்ந்து இருக்கு. விஎல்சியிலயும் மாத்தலாம். நான் கத்துக்கிட்ட சில குறிப்புகள்:

1. போன்ல எடுக்கற வீடியோவுல நொடிக்கு இத்தனை சட்டம்ங்கற கணக்கு நிலையா இருக்காது, வெளிச்சத்துக்குத் தகுந்த மாதிரி ஏறி இறங்கும். மாத்தும்போது 30-ன்னு நிலையா வச்சுடுங்க. இல்லேன்னா பேச்சு ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம் போகும்.

2. தியோராவுக்குத் தர அளவு 0 முதல் 10 வரை. வீடியோவுக்கு 6, ஒலிக்கு 6 வச்சு ஆரம்பிங்க. முழுச் சட்டம் 64-க்கு ஒரு தடவை வர்ற மாதிரி வைங்க. நடுவுல தாவும்போது வசதி.

3. மூடுபனி பொல்லாதது. எங்க ஊரு பனி கேமராவுக்கு அழகு, கோடெக்குக்கு எமன். வெள்ளையிலேர்ந்து சாம்பலுக்கு மெதுவா மாறுற இடமெல்லாம் படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையா தெரியும். தரத்தை 8-க்கு ஏத்துங்க, மாத்தறதுக்கு முன்னாடி லேசா மணல் மாதிரி இரைச்சல் தூவுங்க. பட்டை மறைஞ்சிடும்.

4. காத்துல ஆடுற இலையும் மழையும் பிட்டைக் குடிக்கும். ஒவ்வொரு சட்டமும் புதுசா இருக்கறதால முந்தின சட்டத்துலேர்ந்து எடுத்துக்க எதுவும் இல்லை. அந்த மாதிரிக் காட்சியைச் சுருக்கமா வைங்க.

5. பின்னணி இல்லாம உருவம் மட்டும் வேணும்னா தியோராவுல முடியாது. விபி8, விபி9-ல முடியும். உங்க இன்ஜின் வெப்எம் எடுக்கும்னா அதையே வைங்க.

6. தமிழ் வசன வரிகளைப் படத்து மேலயே எரிக்காதீங்க. தனிக் கோப்பா யூனிகோட்ல வைங்க. பின்னாடி திருத்தலாம், தேடலாம், மொழிபெயர்க்கலாம்.

7. மாத்தினதையே திரும்பத் திரும்ப மாத்தாதீங்க. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கரையும். எப்பவும் அசல்லேர்ந்துதான் மாத்தணும். அதனால அசல் எம்பி4-ஆ இருந்தாலும் பத்திரம். ரெண்டு இடத்துல வைங்க.

எதுக்கு இவ்ளோ மெனக்கெடறது?

இப்ப சின்னப்பாட்டி. எண்பதைத் தாண்டிட்டாங்க. தோட்டத்து ஓரத்துல நின்னுக்கிட்டு ஒவ்வொரு செடியா தொட்டு, பேரும் அது எதுக்கு ஆகும்னும் சொல்றாங்க. பாதிப் பேரு எனக்கே தெரியாது, எங்க அம்மாவுக்கும் தெரியாது. எந்தப் புத்தகத்துலயும் இருக்கான்னு தேடிக்கிட்டிருக்கேன். எடுத்து முடிச்சதும் பாட்டி கேட்டாங்க, "இது எத்தினி நாளைக்குக் கண்ணு இருக்கும்?"

நான் இஞ்சினியரிங் படிச்சவன். பிட்ரேட் கேட்டா சொல்லுவேன். இந்தக் கேள்விக்கு உடனே பதில் வரலை. பாட்டிகிட்ட எம்பெக் எல்ஏ கதையைச் சொல்ல முடியாது. ஆனா அந்தக் கேள்விதான் இந்தப் பதிவோட மொத்த வாதமும். என் விளையாட்டு அஞ்சு வருஷத்துல செத்துப் போகும். இன்ஜின் மாறும், இயங்குதளம் மாறும், நானே மறந்துடுவேன். உள்ள இருக்கிற வீடியோ மட்டும் பிரிச்சு எடுத்தா ஓடணும். யாரோ ஒரு ஆளு கோப்புறையைத் திறந்து, சாக்கைப் பிரிச்சு, 'அட, இதுல ஒரு பாட்டி செடிப்பேரு சொல்றாங்க'ன்னு பார்க்க முடியணும்.

அதுக்கு இன்னொரு வழியும் இருக்கு. விக்கிமீடியா காமன்ஸ். அங்க எம்பி4 ஏத்த முடியாது. 2014-ல அனுமதிக்கலாமான்னு பெரிய வாக்குவாதம் நடந்து, வேண்டாம்னு முடிவாச்சு. வெப்எம், ஓக் மாதிரி திறந்த வடிவத்துக்கு மாத்திக் கொடுத்தா தாராளமா ஏத்தலாம். விளையாட்டுக்குன்னு ஒரு தடவை மாத்தினா அதே கோப்பு அங்கயும் போகும், தமிழ் விக்கிப்பீடியா கட்டுரையிலயும் உக்காரும். பாட்டிகிட்ட அனுமதி கேட்டுட்டேன். "ஊருக்குத் தெரியட்டும், எனக்கென்ன"ன்னுட்டாங்க.

இது என்னோட தனிப்பட்ட கிறுக்கும் இல்லை. மத்திய அரசே 2010-ல மின்னாளுகைக்கான திறந்த தரக் கொள்கையை அறிவிச்சப்ப, தரம்னா உரிமக் கட்டணம் இல்லாம எல்லாருக்கும் கிடைக்கணும்ங்கறதை முக்கிய நிபந்தனையா வச்சிருக்காங்க. அரசு ஆபீஸ் கோப்புக்கே அந்த நியாயம்னா, நம்ம வீட்டுப் பெரியவங்க பேச்சுக்கு அதை விடக் கம்மியா வைக்கலாமா?

அதனால, விளையாட்டு செய்யற மக்களே, ஒரே ஒரு ராத்திரி. கோப்புறையில இருக்கிற எல்லா எம்பி4-ஐயும் வரிசையா போட்டு மாத்த விட்டுட்டுத் தூங்கப் போங்க. காலையில காப்பி குடிக்கும்போது முடிஞ்சிருக்கும். அப்புறம் லினக்ஸ் போட்ட ஏதாவது ஒரு பழைய பொட்டியில ஓட்டிப் பாருங்க. ஓடிச்சுன்னா உங்க விளையாட்டு யார் வீட்டுலயும் ஓடும்.

'இல்லடா தம்பி, ஏவி1 இருக்கும்போது தியோராவைக் கட்டிக்கிட்டு ஏன் அழறே'ன்னு சொல்ற அண்ணன்மாரும் அக்காமாரும் வாங்க. அந்தச் சண்டையை ரொம்ப ஆசையா போடலாம். ரெண்டுமே திறந்த வடிவம்தான், யார் ஜெயிச்சாலும் நமக்கு லாபம் :-)

டிஸ்கி: காப்புரிமை பத்தி மேல சொன்னதெல்லாம் ஒரு பொட்டி தட்டுறவனோட புரிதல், வக்கீல் ஆலோசனை இல்லை. லட்சம் பிரதி விக்கற நிலைமை வந்தா நல்ல வக்கீலைப் பாருங்க, கெடா விருந்துக்கு எனக்கும் சொல்லி அனுப்புங்க.